கழுத்து சீவும் கருவி: நான்கு வருடத்துக்குப் பிறகு

போன வாரம் நண்பர் ஒருவர் போனில் கேட்டார்: "அந்த நெக் டர்னர் விலை இறங்கியிருக்கே, வாங்கிடவா?" நெக் டர்னர் என்றால், ரைஃபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டில் (கேஸ்) குண்டைப் பிடித்திருக்கும் கழுத்தை வெளிப்பக்கம் சீவி மெலிதாக்கும் கருவி. அவர் கேட்ட நேரம், நான் தேய்ந்த பிளேடைக் கழற்றிப் புதுசு போட்டுவிட்டு மூன்று மணி நேரமாக அளவு வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. இப்போது சொல்கிறேன்.

என்னுடையது 6 பிபிசி (6mm PPC) என்ற ரைஃபிள் தோட்டா. 1975இல் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பின்டெல்லும் .220 ரஷ்யன் கேஸின் கழுத்தை விரித்து, தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) மாற்றி உருவாக்கியது. பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்க வைத்துத் துல்லியத்துக்காகச் சுடும் போட்டி) சுடுகிற பலர் இன்றும் அதே .220 ரஷ்யனிலிருந்துதான் கேஸ் செய்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

என் துப்பாக்கியின் சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) கழுத்துக்கான இடம் 0.262 அங்குலம். குண்டு 0.243. விரித்தபின் என் கேஸ்களின் கழுத்துச் சுவர் 12 தௌவுக்கு மேல் வந்தது (லேத் பட்டறையில் சொல்கிற அதே தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). அப்படியே குண்டை உட்கார வைத்தால் சேம்பருக்குள் போகவே போகாது. 8.5 தௌவுக்குச் சீவினால் மொத்தம் 0.260, சுற்றிலும் ஒரு தௌ இடைவெளி. இதில் அரைகுறை வேலை கூடாது. கழுத்து விரிய இடமில்லை என்றால் குண்டை விடாது, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

சீவுகிற வேலையில் இந்தக் கருவியைக் குறை சொல்லவே முடியாது. முதல் சுற்றில் கழுத்தின் தடித்த பக்கம் மட்டும் பளிச்சென்று மின்னும். எதிர்ப்பக்கம் பழைய மங்கல் நிறத்திலேயே இருக்கும். கூடு எந்தப் பக்கம் கோணல் என்று கண்ணாலேயே தெரியும். இரண்டாவது சுற்றில் அந்த மங்கல் திட்டு சுருங்கிச் சுருங்கி மறைகிறதே, அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை. பிளேடு தோளின் மேலும் துளி ஏறி வெட்டுவதால், கழுத்தடியில் உள்பக்கம் வளையம் கட்டும் தொல்லையும் எனக்கு வரவில்லை.

ஆனால் அந்தப் பூட்டுத் திருகு! ஆழத்தை 8.5க்கு வைத்து, திருகை இறுக்கினால் 8.2. தளர்த்தி 8.8க்கு வைத்து இறுக்கினால் 8.6. ஒவ்வொரு தடவையும் ஒரு கேஸைச் சீவி, பால் மைக்ரோமீட்டரில் (உருண்டை முனையால் சுவர்த் தடிப்பை அளப்பது) நாலு இடத்தில் அளந்து பார்த்தால்தான் தெரியும். அன்று மட்டும் ஏழு கேஸ் குப்பைக்குப் போயிற்று. செய்த கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். "மெதுவாக இறுக்குங்கள்" என்பதுதான் பதில். நான்கு வருடமாக மெதுவாகத்தான் இறுக்குகிறேன்.

சூடு இன்னொன்று. பத்துப் பன்னிரண்டு கேஸ் தொடர்ந்து சீவினால் மாண்ட்ரல் (கழுத்துக்குள் நுழைந்து தாங்கும் கம்பி) சூடேறிப் பருக்கும், கழுத்து கூடுதலாக மெலியும். அதற்குக் கருவியைப் பழிக்க மாட்டேன். மெழுகு தடவி, ஆறவிட்டுச் சீவுவது நம் வேலை.

சரி, வாங்கலாமா? வேண்டாம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, சீவ வேண்டாத அளவுக்குக் கழுத்தைப் பெரிதாக்கி சேம்பரை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். "அப்போ உங்களுடையதைக் கொடுத்துடுவீங்களா?" என்றார். மாட்டேன். அடுத்த மாதப் போட்டிக்கு இன்னும் நாற்பது கேஸ் பாக்கி.