குருகு எதற்கு வந்தது? ஆன்லைனில் கவிதை நடத்த மூன்று வழிகள்

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. ஐந்தே அடி. களவில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலில், கூடிய அன்று சாட்சிக்கு யாரும் இல்லை, தலைவன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. அப்புறம், நினைவு வந்தவள்போல, ஒரு குருகும் (நாரை போன்ற நீர்ப்பறவை) இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற கால், ஓடுநீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி நின்றது. அந்தக் குருகு எதற்கு? வகுப்பறையில் இதைக் கேட்டால் கால் மணி நேரம் போவது தெரியாது. ஆன்லைனில் இதே பாட்டை மூன்று விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன்.

முதலில் நேரலை, கூகுள் மீட்டில். கேள்வி கேட்டால் அறுபது வட்டங்களும் மௌனம். "சார், கட் ஆகுது" என்று ஒரு குரல். 2021 ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு கொடுத்தது. டேட்டா வந்தது, பேச்சு வரவில்லை. காரணத்தை ஒரு மாணவி பிறகு தனியாகச் சொன்னாள்: "பக்கத்துல அப்பாவும் தம்பியும் உட்கார்ந்திருக்காங்க சார், களவு பத்தி எப்படிப் பேசுறது?" கணக்குப் பாடத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இலக்கியத்துக்கு உண்டு.

இரண்டாவது, பதிவு செய்த காணொளி. ஆறு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று பயிற்சி வகுப்புகளில் மந்திரம்போலச் சொல்வார்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் சுமார் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட தரவை அலசி 2014இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது அது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு பாடங்களும் கணினி, புள்ளியியல், வேதியியல் சார்ந்தவை. கவிதை ஒன்றுகூட இல்லை. திணை, துறை, உ.வே.சா. 1937இல் கொண்டுவந்த பதிப்பு, இவற்றைச் சொல்லக் காணொளி அருமையான வழி. மாணவர்கள் நிறுத்தி, திரும்பக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். குருகைப் பற்றிப் பேசினால் மட்டும் அது என் முடிவாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதையே மனப்பாடம் செய்து தேர்வில் எனக்கே திருப்பித் தருகிறார்கள். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் காணொளியோடு வாசிப்பு, விவாதம், மதிப்பீடு என்ற பகுதிகளும் உண்டு. ஆனால் பல பாடங்களில் மதிப்பீடு என்பது சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். குருகுக்கு அ, ஆ, இ, ஈ போட முடியுமா?

காணொளியிலேயே இதைச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆல் ஃபில்ரிஸ் 2012 முதல் கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தும் நவீன அமெரிக்கக் கவிதைப் பாடத்தில் மேடைப் பேச்சே இல்லை. ஒரு மேசையைச் சுற்றி இளைஞர்கள் உட்கார்ந்து ஒரு கவிதையைப் பிரித்து மேய்கிறார்கள், தடுமாறுகிறார்கள். அதைத்தான் படம் பிடித்திருக்கிறார்கள். கேமராவைப் பார்த்துப் பேசும் ஒற்றைத் தலையைவிட இது எவ்வளவோ மேல்.

மூன்றாவது வழிக்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. ஒரு கூகுள் டாக்ஸில் ஐந்து அடியையும் ஒட்டி, ஏழெட்டுப் பேருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தேன். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து இரண்டு வரி கமென்ட் போட வேண்டும், இன்னொருவர் கமென்ட்டுக்குப் பதிலும் எழுத வேண்டும். நான்கு நாள் அவகாசம். "குருகு மீனைத்தானே பார்த்தது? அப்போ அதுவும் சாட்சி இல்லை" என்று ஒருவன் எழுதினான். அதற்குக் கீழே, மீட்டில் வாயே திறக்காத ஒரு பெண்: "கால் தினைத்தாள் மாதிரி என்று சொல்லும் அளவுக்குப் பார்த்திருக்கிறாள். கூச்சத்தில் அவன் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாளோ?" இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாதது. அப்பா பக்கத்தில் இருந்தாலும் கமென்ட் எழுதலாம், பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. அறுபது பேர் எழுதியதைப் படிக்க எனக்கு இரண்டு ராத்திரி போய்விடுகிறது. போனில் தமிழ் தட்டச்சு வராதவர்களிடம் வாய்ஸ் நோட் வாங்கிக்கொள்கிறேன். சாட்ஜிபிடி வந்தபிறகு "இயற்கையும் மனித உணர்வும் பின்னிப்பிணைந்த" என்று வழவழப்பாக நாலு கமென்ட் எல்லா டாக்ஸிலும் வருகிறது. பதில் எழுதச் சொல்லும் விதி கொஞ்சம் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

இப்போது நான் செய்வது இது: பின்னணிக்குப் பத்து நிமிடக் காணொளி, அப்புறம் டாக்ஸ், கடைசியில் பத்துப் பத்துப் பேராக அரை மணி மீட். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் காணொளியை முதலில் கைவிடுவேன், மீட்டை அடுத்து, டாக்ஸை விடமாட்டேன்.

போன பருவத்தில் அப்படியொரு மீட் முடியும் நேரம். ஒரு பையன் மியூட்டை எடுத்தான். "யாரும் இல்லைன்னு ஆரம்பிச்சவ, கடைசியில குரு'கும்' உண்டுங்கிறா. அந்த 'உம்' எதுக்கு சார்? வேற யாரு இருந்தாங்க?" அடுத்த பத்துப் பேர் காத்திருந்தார்கள். அவர்களையும் அதே அறைக்குள் வரச் சொல்லிவிட்டேன்.