தண்ணிக் காசு: ஒரே சந்தாவா, மீற்றரா, பொதுக்குழாயா?

வன்னியில் ஓர் ஊரின் பொது நீர்த்திட்டம் நின்றுபோனால் பழி முதலில் மோட்டார் மேல்தான் விழும். நீர்மூழ்கி மோட்டார் ஐந்தாறு வருடத்தில் எரிவது புதினமல்ல. எரிந்த அன்று, திட்டத்தை நடத்தும் சங்கத்தின் வங்கிப் புத்தகத்தில் அடுத்த மோட்டாருக்குக் காசு இருந்ததா என்று பார்த்தால் கதை விளங்கும். அந்தக் காசு சேர்வதும் சேராததும் தண்ணிக் காசை எந்த முறையில் அறவிடுகிறோம் என்பதில் தங்கியிருக்கிறது. இங்குள்ள சங்கங்கள் பெரும்பாலும் மூன்று வழியில் ஒன்றைப் பிடிக்கின்றன: வீட்டுக்கு ஒரே மாதச் சந்தா, மீற்றர் (நீர்மானி) பூட்டி அலகுக்குக் காசு, அல்லது வீட்டு இணைப்பே கொடுக்காமல் நேரம் வைத்துத் திறக்கும் பொதுக்குழாய்.

ஒப்பிடுவதற்கு ஒரு மாதிரி ஊரை வைத்துக்கொள்வோம். 60 வீடு. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் மேட்டுக்காணிகள். ஒரு கிலோமீற்றர் தெரு. தெருத்தலைப்பில் குழாய்க்கிணறும் 12 மீற்றர் உயரத் தாங்கியும். அங்கிருந்து 63 மி.மீ. பிவிசி குழாய் ஊருக்குள் போகிறது. குடும்பத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளுக்கு 100 லீற்றர் என்றால் ஊருக்கு 30,000 லீற்றர். 1,000 லீற்றரை ஒரு நீரலகு என்று எண்ணினால் நாளுக்கு 30, மாதத்துக்கு 900 நீரலகு. கிணற்று நீர்மட்டம் 28 மீற்றர் ஆழத்தில், தாங்கி 12, குழாய் உராய்வுக்கு 5, ஆக ஏற்றம் 45 மீற்றர். இந்த அளவுச் சிறிய பம்பில் ஒரு நீரலகை ஏற்ற ஏறக்குறைய மூன்றில் ஒரு மின்னலகு செலவாகும். மாதத்துக்கு 300 மின்னலகு.

இனி காசு. கீழுள்ள விலைகள் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு அதே வரிசையில் கூட்டிப் பாருங்கள். மின்னலகு 30 ரூபா என்றால் மின்கட்டணம் 9,000. பம்ப் இயக்குபவரின் பகுதிநேரச் சம்பளம் 20,000. குளோரின் தூள், வால்வு, சொலூஷன் (குழாய்ப் பசை), சிறு திருத்தம் 5,000. பம்பும் மோட்டாரும் இரண்டரை இலட்சம், ஐந்து வருட ஆயுள் என்றால் மாதம் 4,200 ஒதுக்க வேண்டும். மொத்தம் 38,200. பல சங்கங்கள் இந்தக் கடைசி வரியை எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் சந்தா 570 ரூபாவாக வரும், எழுதினால் 640. அந்த 70 ரூபா வித்தியாசத்தில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

ஒரே சந்தா

எளிது. பற்றுச்சீட்டுப் புத்தகமும் ஒரு கொப்பியும் போதும். மானி வாங்கும் செலவில்லை. கணக்கு எவருக்கும் விளங்கும். வீடுகள் நெருக்கமாக, காணி சிறிதாக, எல்லாக் குடும்பமும் ஒரேயளவு நீர் எடுக்கும் இடத்தில் இதுவே நல்லது. வன்னிக் குடியேற்றக் காணிகள் அப்படியில்லை. கால் ஏக்கர் வாழைக்கோ மரக்கறிக்கோ நாளுக்கு 5 மி.மீ. நீர் விட்டால் 5,000 லீற்றர் வேண்டும். பத்துக் குடும்பத்தின் தண்ணீர் அது. சோளகம் வீசும் மாதங்களில் ஐந்து வீடு அப்படி இறைத்தால் நாளுக்கு 25 நீரலகு கூடும்; மின்கட்டணம் மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாவளவு ஏறும்; அந்த ஐந்து தோட்டத்துக்காக ஊரின் 60 வீடும் தலைக்கு 125 ரூபா கூடக் கட்டுகிறது.

காசை விடவும் மோசமானது அழுத்தம். 57 மி.மீ. உள்விட்டக் குழாயில் செக்கனுக்கு 1 லீற்றர் ஓடினால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 4 மீற்றர் அழுத்தம் குறையும். 2 லீற்றர் ஓடினால் 14 மீற்றர். ஓட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு மூன்றரை மடங்காகும். தாங்கியின் உயரமோ 12 மீற்றர்தான். நிமிடத்துக்கு 15 லீற்றர் இழுக்கும் அரை இஞ்சி ஹோஸ் எட்டுத் திறந்தால் 2 லீற்றர் ஆகிவிடும். ஹோஸ் எல்லாம் தெருவழியே பரவியிருந்தால் கடைசி வீட்டில் நீர் மெலிந்து வரும்; கடைக்கோடிப் பக்கமே திறந்திருந்தால் சொட்டும் வராது. அந்த வீட்டுக்காரர் இரண்டு மாதம் பொறுப்பார், மூன்றாம் மாதம் சந்தா கட்டமாட்டார். அவர் செய்வது நியாயம். சங்கங்கள் இங்கிருந்துதான் உடையத் தொடங்குகின்றன. கூட்டத்தில் இது தலைப்புத் தெருவாருக்கும் கடைக்கோடியாருக்கும் உள்ள பகைபோலத் தெரியும். மூலகாரணம் குழாயின் விட்டமும் எல்லையில்லாத பாவனையுமே.

மீற்றர்

60 மானி, பொருத்துகூலியோடு ஒன்று 8,000 என்றால் நான்கு இலட்சத்து எண்பதாயிரம். பத்து வருடத்தில் மாற்ற மாதம் 4,000 ஒதுக்க வேண்டும். மொத்தச் செலவு 42,200 ஆகும். இதை ஈடுசெய்ய ஒரு கட்டண வரிசை: நிலைக்கட்டணம் 300, முதல் 10 அலகு 25 ரூபா வீதம், அடுத்த 5 அலகு 50 வீதம், 15க்கு மேல் 120. 10 அலகு எடுக்கும் வீடு 550 கட்டும், 18 அலகு எடுக்கும் வீடு 1,160. நாற்பது வீடு முதல் வகை, இருபது வீடு இரண்டாம் வகை என்றால் வரவு 45,200. நிலுவைக்கு 3,000 ரூபா இடைவெளி இருக்கும். கால் ஏக்கர் தோட்டத்துக்கு இறைப்பவர் 150 அலகுக்கு 18,000 கூடக் கட்ட வேண்டிவரும். அதன் பிறகு அவர் தன் கிணற்றைத் துப்புரவாக்குவார் அல்லது சொட்டு நீருக்கு மாறுவார்.

ஆக, தோட்டக்காணி உள்ள ஊருக்கு மீற்றர்தான் சரி என்பது எங்கள் தீர்ப்பு. ஆனால் பூட்டிவிட்டு விட்டால் அதுவும் சண்டையைக் கொண்டுவரும். சண்டை வரும் வழிகள் இவை.

முதலாவது காற்று. காலை இரண்டு மணி, மாலை இரண்டு மணி என்று நேரம் வைத்துத் திறந்தால் இடையில் குழாய் வடிந்து காற்று நிரம்பும். மறுபடி திறக்கும்போது வெளியேறும் காற்று மானியைச் சுற்றும். “தண்ணி வராமலே மீற்றர் ஓடுது” என்ற முறைப்பாடு பொய்யல்ல. மீற்றர் வைத்தால் குழாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அது முடியாவிட்டால் பிரதான குழாயின் மேடான இடங்களில் காற்று வால்வு பூட்டுங்கள்.

இரண்டாவது மெல்லிய ஓட்டம். வீட்டுத் தாங்கியில் மிதவை வால்வு மூடப்போகும் தறுவாயில் நீர் சொட்டுச் சொட்டாக ஏறும். சாதாரண 15 மி.மீ. மானி அந்த ஓட்டத்தைப் பிடிக்காது. சாய்த்துப் பூட்டிய மானி இன்னும் மோசம். முகப்பு வானம் பார்க்க, மட்டமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சுண்ணாம்புப் படிவும் மணலும். வன்னிக் கிணற்று நீர் பல இடங்களில் கடினத்தன்மை கூடியது; படிவு ஏறிய மானி குறைத்துக் காட்டும், பின் நின்றுவிடும். மானிக்கு முன்னாலுள்ள சல்லடையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். இரண்டு மாதம் ஒரே எண் காட்டும் மானிக்குச் சராசரி போட்டுவிட்டு உடனே மாற்ற வேண்டும். நாலைந்து மானி அருகில் வைத்திருக்காத சங்கம் ஒரு வருடத்திலேயே சந்தாமுறைக்குத் திரும்பிவிடும்.

நான்காவது, வாங்க மறக்கிற பெரிய மானி. தாங்கியின் வெளிக்குழாயில் ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் எண்ணுக்கும் வீட்டு மானிகளின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசமே கசிவும் களவும். இரவு 12க்கும் 3க்கும் பெரிய மானியை வாசியுங்கள். அந்த மூன்று மணித்தியாலத்தில் 1,200 லீற்றர் போயிருந்தால் மணிக்கு 400, நாளுக்கு 9,600 லீற்றர். ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குள் போகிறது. வீட்டுத் தாங்கிகள் இரவில் நிரம்புவதும் இதில் சேரும், ஆகவே கிளை வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி, எந்த வால்வை மூடும்போது மானி நிற்கிறது என்று பாருங்கள்.

வாசிப்பு மாதத்தின் முதல் மூன்று நாளுக்குள் முடிய வேண்டும். பம்ப் இயக்குபவரோடு ஒரு நிர்வாக உறுப்பினர் போக, எண்ணை வீட்டு அட்டையிலும் சங்கக் கொப்பியிலும் வீட்டுக்காரர் முன்னிலையில் எழுத வேண்டும். மானியும் பூட்டு வால்வும் வேலிக்கு வெளியே, தெருப்பக்கம். இல்லாவிட்டால் துண்டிக்கப் போகிறவர் மற்றவர் வளவுக்குள் இறங்க வேண்டும். சொந்தக்காரர் ஊரில் அது நடக்கவே நடக்காது.

பொதுக்குழாய்

சில ஊர்களில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. குளிக்க, தோய்க்க, மாட்டுக்கு வைக்க அது போதும். குடிக்க மட்டும் சரிவராது. வவுனியாவின் பாறை நிலத்தில் புளோரைட், பூநகரிக் கரையில் உவர். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்.எல்.எஸ். 614 புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம், கடினத்தன்மைக்கு 250 மில்லிகிராம் என்று எல்லை வைக்கிறது. கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். இங்கே வீட்டுக்குத் தேவைப்படுவது நாளுக்கு 100 லீற்றர் குடிநீரே. ஊருக்கு 6,000 லீற்றர். மாதம் 60 மின்னலகு. பத்து வீட்டுக்கு ஒரு குழாய் என ஆறு குழாய், பம்ப் இயக்குபவருக்கு 8,000 என்றால் வீட்டுக்கு 320 ரூபாவுக்குள் முடியும், முன்சொன்ன 5,000 ரூபாச் சிறுசெலவும் பம்ப் ஒதுக்கீடும் சேர்த்து.

விலை குறைவு, சுமை பெண்கள் தலையில். 100 லீற்றர் என்பது ஏழு குடம். குழாய் 200 மீற்றருக்கு அப்பால் என்றால் போக வர நாளுக்கு இரண்டரை கிலோமீற்றருக்கு மேல் நடை, பாதி தூரம் பாரத்தோடு. எனவே கிணற்று நீர் குளிக்கவும் ஆகாத ஊரில், அல்லது ஓகஸ்ட், செப்ரெம்பரில் கிணறு வற்றும் ஊரில், பொதுக்குழாயை முடிவான தீர்வாக வைப்பது அநியாயம். வைக்கும் இடத்தில் கைவிட்டால் தானாக மூடும் குழாய்த்தலை பூட்டுங்கள். ஹோஸ் மாட்ட முடியாத வாய் வேண்டும். கீழே சிமெந்துத் தளமும் வடிகாலும் இல்லாவிட்டால் மாரியில் சேறும் நுளம்பும்தான் மிஞ்சும்.

சூரிய மின் பம்ப் வந்தால்?

மின்கட்டணம் 9,000 ரூபா போய்விடும் என்பது உண்மை. அதே அளவு சந்தாவையும் குறைத்துவிடுவதுதான் பிழை. கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானால் மாற்றுவது சின்னக் காசில்லை. உதிரிப்பாகம் வர வாரங்களாகலாம். மிச்சமாகும் 9,000இல் பாதியையாவது மாற்றீட்டு நிதிக்கு அனுப்புங்கள். பகலில் மட்டும் நீர் ஏறுவதால் தாங்கி ஒரு நாள் தேவையைக் கொள்ள வேண்டும். வாடைக்கால மூட்டத்தில் ஏற்றம் குறையும், ஆனால் அப்போது பாவனையும் குறைவு. மின்சாரத்தில் ஓடும் பம்புக்கு வேறு நோய்: மாலையில் வோல்ற்றேஜ் விழ மோட்டார் சூடேறும். அதற்குக் குறைமின்னழுத்தப் பாதுகாப்பு வேண்டும். கிணற்று நீர் இறங்கினால் பம்பை நிறுத்தும் மட்ட உணரி இரண்டு முறைக்கும் வேண்டும். உணரி இல்லாமல் வறட்சிக் கடைசியில் வெறுங்கிணற்றில் ஓடி எரிந்த மோட்டாருக்கு உத்தரவாதமும் கிடைக்காது.

சங்கத்தின் கொப்பியில்

எந்த முறையானாலும் இரண்டு வங்கிக் கணக்கு: ஒன்று மாதச் செலவுக்கு, மற்றது மாற்றீட்டு நிதிக்கு. இரண்டாவதில் காசு எடுக்கப் பொதுக்கூட்டத் தீர்மானம் வேண்டும் என்று யாப்பில் எழுதுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் ஒப்பமிட வேண்டும். அந்த இருவர் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. புலம்பெயர்ந்த உறவுகள் அனுப்பும் காசு தாங்கிக்கும் குழாய்க்கும் போகட்டும். அதை எடுத்து மின்கட்டணம் கட்டத் தொடங்கினால், அது நின்ற மாதமே திட்டமும் நிற்கும்.

நிலுவைக்கு ஒரு நாட்காட்டி உண்டு. காலபோகத்துக்குக் காசெல்லாம் வயலில் இறங்கியிருக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை கட்டுவது கடினம். அறுவடை முடிந்த பங்குனியில் கையில் காசிருக்கும். ஆறு மாதச் சந்தாவை அறுவடையில் முன்கட்டுவோருக்கு ஒரு மாதக் கழிவு கொடுங்கள். மூன்று மாத நிலுவைக்கு எழுத்து அறிவித்தல், பதினான்கு நாள், பின் துண்டிப்பு. தலைவரின் வீடானாலும் அதே. பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கும் வருமானமில்லாத முதியோருக்கும் நிலைக்கட்டணத்தைத் தள்ளுவதென்றால் பொதுக்கூட்டத்தில் பெயர் வாசிக்காமல், வீட்டு எண்ணிக்கையையும் தொகையையும் மட்டும் தீர்மானமாக்கி, அந்தத் தொகையை மற்ற வீடுகள் மேல் வெளிப்படையாகப் பிரியுங்கள். கொப்பியில் காட்டாத சலுகைதான் பின்னால் ஊழல் என்று பேசப்படும்.

சந்தாவிலிருந்து மீற்றருக்கு மாறும் ஊர் தை மாதத்தில் தொடங்குவது நல்லது. மழைக்குப் பின் பாவனை குறைந்திருக்கும், முதல் பட்டியல் எவரையும் பயமுறுத்தாது. முதல் மூன்று மாதம் பழைய சந்தாவையே வாங்கிக்கொண்டு, மானிப்படி எவ்வளவு வந்திருக்கும் என்பதை மட்டும் அட்டையில் எழுதிக் கொடுங்கள். அதற்குள் வீட்டுக்குள் ஒழுகும் மிதவை வால்வும் மலசலகூடத் தொட்டியும் தெரிந்துவிடும். அவற்றைத் திருத்த ஒரு மாதம் விட்டு, சித்திரை முடிந்ததும் புதிய கட்டணத்தை அறவிடத் தொடங்கலாம்.