வெற்றி பயம்: உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் மட்டீனா ஹார்னர், வெற்றியைக் கண்டு பெண்கள் பயப்படுகிறார்களா என்று 1968இல் முடித்த ஆய்வு இது. மருத்துவ வகுப்பில் ஆன் என்ற பெண் முதலிடம் வந்திருக்கிறாள், மேலே கதை எழுதுங்கள் என்று மாணவிகளிடம் சொன்னார். மாணவர்களுக்கும் அதே வரிதான், பெயர் மட்டும் ஜான். 90 பெண்களில் 59 பேரின் கதைகளில் கவலை, தனிமை, மறுப்பு. 88 ஆண்களில் 8 பேர்தான் அப்படி எழுதினார்கள். ஆன் என்று ஒருத்தியே இல்லை, மாணவர்கள் கூடிக் கட்டிவிட்ட பெயர் அது என்றுகூட ஒரு கதை!

ஹார்னரின் விளக்கம்: வெற்றியைத் தவிர்க்கும் உந்துதல் சிறுவயதிலேயே பெண் மனதில் படிந்துவிடுகிறது.

மாற்று விளக்கம்: எழுதியவர்கள் தங்கள் பயத்தை எழுதவில்லை, ஊர் வழக்கத்தை எழுதினார்கள். 1974இல் மோனஹன், கூன், ஷேவர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இரண்டு பெயர்களையும் இருபாலருக்கும் கொடுத்துப் பார்த்தனர். பையன்களும் தங்கள் கதைகளில் ஆன் என்பவளைத்தான் பாடாய்ப் படுத்தினார்கள்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஹார்னரின் சோதனையில் பெண்கள் ஜானைப் பற்றி எழுதவே இல்லை. பிறகு எப்படிப் பயத்தைப் பெண்ணின் கணக்கில் மட்டும் எழுதுவது? ஆனாலும் ஊர் சொல்வதை வருடக்கணக்கில் கேட்டவள் அதையே தனக்குள் சொல்லிக்கொள்ளவும் கூடும். அந்த மட்டில் ஹார்னரை ஒதுக்க முடியாது.