இடுப்பில் ஒரு கிலோவா, இரண்டரை கிலோவா?

போன ஞாயிறு பத்தாங் பெர்ஜுந்தை டீக்கடையில் அக்கா மகன் கேட்டான். வெளிநாட்டுத் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் கொந்திராக்டரிடம் வேலை, சுரங்கத்தில் தீப்பிடித்தால் வாயில் மாட்டித் தப்பிக்க, இடுப்பில் கட்டும் உயிர்காப்புச் சுவாசக் கருவி வாங்குவது இவன் பொறுப்பு. "மாமா, வடிகட்டி வகை ஒரு கிலோதான். ஆக்சிஜன் வகை இரண்டரைக் கிலோ வருது. கனத்தைக் கட்டிவிட்டா வேலை இழுக்கும்னு சொல்றாங்க. எதை வாங்கலாம்?"

நான் ஆக்சிஜன் வகைதான் என்றேன்.

வடிகட்டி டப்பாவுக்குள் ஹாப்கலைட் இருக்கும், மாங்கனீசும் செம்பும் கலந்த ஆக்சைடு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை அது கார்பன் டைஆக்சைடாக மாற்றும், அவ்வளவுதான், ஒரு சொட்டு ஆக்சிஜன்கூடத் தராது. கீழே டீசல் லோடரோ அதன் டயரோ பற்றி எரிந்து காற்றிலேயே ஆக்சிஜன் குறைந்துபோனால், வாயில் அதை மாட்டியிருந்தும் ஆள் மயங்கி விழுவான். மோனாக்சைடு கூடக்கூட உள்ளே இழுக்கும் மூச்சும் கொதிக்கும், அது வேலை செய்வதன் அடையாளம், ஆனால் பழக்கமில்லாதவன் கெட்டுப்போச்சு என்று பிடுங்கிவிடுவான்.

ஆக்சிஜன் வகையில் பொட்டாசியம் சூப்பர்ஆக்சைடு. நாம் விடும் மூச்சின் ஈரம் பட்டாலே அது ஆக்சிஜன் வெளிவிடும், வெளிக்காற்றே வேண்டாம். குறையும் உண்டு: 30 நிமிடம் என்று எழுதியிருந்தாலும் பதறி ஓடினால் அதற்கு முன்பே தீரும். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் சாகோ நிலக்கரிச் சுரங்கத்தில் சிக்கிய 13 பேரில் 12 பேர் இறந்தார்கள், நான்கு கருவிகள் இயங்கவில்லை என்று பிழைத்தவர் சொன்னார். அதன் பிறகு அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாட்டிப் பழகுவது கட்டாயமானது. ஆகவே கருவியோடு பயிற்சிக்கும் பணம் ஒதுக்கச் சொன்னேன்.

சரி, வேலை இழுக்குமா? இழுக்கும், மறைக்கத் தேவையில்லை. எட்டாவது மணி நேரத்தில் இடுப்பு வலித்து அதை வண்டியில் தொங்கவிட்டுவிட்டு அந்தப் பக்கம் போகிறவன் இருப்பான், எனக்குப் பெரிய பயம் அதுதான். சின்னதை இடுப்பில் கட்டி, பெரியதை வழியில் பெட்டிகளில் வைக்கலாம் என்பார்கள். தோண்டும் முகப்பு நகர நகர பெட்டி பின்னாலேயே தங்கிவிடும், யாராவது தினமும் நகர்த்தினால்தான் அது சரி. மேற்கு ஆஸ்திரேலியா வழிகாட்டலில் தப்பி வருகிறவர்கள் தங்கும் புகலிட அறை வேலையிடத்திலிருந்து 750 மீட்டருக்குள் இருக்க வேண்டும், 30 நிமிடக் கருவியின் பாதி நேரத்தில் நடந்து சேரும் தூரம் என்ற கணக்கு. வடிகட்டியில் இந்தக் கணக்கே நிற்காது.

என் தாத்தா பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தில் கரி வெட்டியவர், 1960இல் அது மூடிய வருடத்தோடு அந்த வேலை முடிந்தது. அவர் இறங்கும்போது விளக்கு மட்டும்தான் இருந்ததாம். இவனுக்கு இரண்டு வகையில் தேர்ந்தெடுக்க முடிகிறது.

அப்புறம் கடைசியாக, கனம் இடுப்பில் மட்டும் விழாமல் இருக்கத் தோள் வாரோடு சேர்ந்த பெல்ட் விலை விசாரித்துச் சொல்லு என்றேன். திங்கட்கிழமை அதைத்தான் முதலில் கேட்கப் போகிறான்.