மாசி 35, மாசி 135, போட்சன் மேஜர்: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பெரும்போக உழவு தொடங்க முன்னர் சொந்தமாக ஒரு உழவு இயந்திரம் எடுத்துவிட வேண்டும் என்று போன ஆவணியில் மச்சானும் நானும் அலைந்தோம். புதிதுக்கு வசதியில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழையதும் மலிவாக இல்லை. கடைசியில் மூன்று மிஞ்சின: பரந்தனில் ஒரு மாசி பெர்குசன் 35, கொடிகாமத்தில் ஒரு 135, சுன்னாகத்தில் ஒரு போட்சன் சுப்பர் மேஜர். நாங்கள் எடுத்தது 135. அதனால் கதை அந்தப் பக்கம்தான் சாயும்.

போட்சனை முதலிலேயே முடித்துவிடுகிறேன். நாலு சிலிண்டர், 3.6 லீட்டர் எஞ்சின், நல்ல இழுவை. ஆனால் எங்களுக்கு இங்கே எட்டுப் பரப்பு, அங்கே ஐந்து பரப்பு என்று சிதறிய காணிதான். பார்க்கப் போன அன்றே ஒழுங்கை முடக்கில் திருப்பும்போது வேலிக் கதியால் இரண்டு முறிந்தது. 1964உடன் அந்த மொடல் நின்றும் போயிற்று. நான் ஓட்டியது அரைமணி நேரம்தான். வன்னியில் பத்து ஏக்கர் ஒரே துண்டாக வைத்திருப்பவர் வேறு கணக்குச் சொல்லக்கூடும்.

35உம் 135உம் அண்ணன் தம்பி. முன்னது 1956இல் வந்தது, பின்னது 1964 கடைசியில். இரண்டிலும் 152 கன அங்குல மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின். 35இல் மட்டும் ஏமாற ஓர் இடம் உண்டு. ஆரம்பகால டீசல் 35இல் இருந்தது நாலு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் எஞ்சின். குளிரில் ஸ்டார்ட் எடுக்க அது படுத்தும் பாட்டுக்குப் பெயர்போனது. 1959இல்தான் பெர்கின்ஸுக்கு மாறினார்கள். இன்ஜெக்டருக்குப் போகும் குழாய்களை எண்ணினால் போதும். மூன்றென்றால் பேசலாம், நாலென்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம். உதிரிப்பாகம் பெரிய கவலையில்லை. சென்னையில் டாஃபே கம்பனி மாசியையும் சிம்சன் கம்பனி பெர்கின்ஸ் வகை எஞ்சினையும் செய்ததால் லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் இந்தியச் சாமானாகக் கிடைக்கும்.

பரந்தன் 35 மூன்று குழாய்க்காரன். புதுப் பெயின்ற், பின்ரயர் இரண்டும் புதிது, முதல் அடியிலேயே ஸ்டார்ட். விலையும் 135ஐ விடக் குறைவு. மச்சான் அட்வான்ஸ் கொடுக்கக் காசை எடுத்துவிட்டான். கூட வந்த கராச் அண்ணைதான் "பொறு" என்றார். டீசலில் துணியை நனைத்து, இடப்பக்கம் பம்புக்குப் பின்னால் புளொக்கில் படிந்திருந்த கிறீஸை வழித்துத் துடைத்தார். வெளியே வந்த எஞ்சின் நம்பர் ஒன்று, பதிவுப் புத்தகத்தில் இருந்தது வேறொன்று.

"சண்டைக்காலத்தில மாத்தினது தம்பி" என்றார் விற்பவர். பொய்யென்று நான் நினைக்கவில்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் இங்கே சாமான் வராது. ஒன்றின் எஞ்சினையும் இன்னொன்றின் கியர் பெட்டியையும் சேர்த்துத்தான் பல உழவு இயந்திரங்கள் ஓடின. 2009இல் எத்தனையோ அப்படியே கைவிடப்பட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்கினால் அந்தச் சிக்கல் என் தலையில். அதற்கு மேலே, அது ஓப்பின் பேப்பர், அதாவது பெயர் மாற்றாமலே கைமாறி வந்தது. புத்தகத்தில் உள்ள பெயர்க்காரர் எந்த நாட்டில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதே விற்பவருக்குத் தெரியவில்லை.

ரயர் தேய்ந்திருந்தால் அதற்கு ஒரு விலை உண்டு, கழித்துக்கொள்ளலாம். கிளச் வழுக்கினாலும் அப்படித்தான். கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்துப் பாருங்கள், உடனே இறங்கினால் ஐதரோலிக்குக்கும் ஒரு தொகை போடலாம். பொருந்தாத நம்பருக்கு எவ்வளவு கழிப்பது? இழுவைப் பெட்டி பூட்டி றோட்டில் ஏறும் நாளிலிருந்து, திரும்ப விற்கும் நாள் வரை அது கூடவே வரும். நாளைக்கு வாங்க வருபவரும் ஒரு கராச் அண்ணையைக் கூட்டிக்கொண்டுதானே வருவார்?

கொடிகாமத்து 135 பார்க்கச் சகிக்காது. மட்கார்ட் கறள், முன்கிறில் இல்லை, கலப்பை நின்ற நிலையில் மெல்ல இறங்கியது. ஆனால் பழைய ஸ்ரீ இலக்கத் தகடு, வாங்கிய நாள் முதல் ஒரே குடும்பம், இப்போது விற்கும் அம்மாவின் பெயரில். 2000இல் தென்மராட்சிச் சண்டையில் இடம்பெயர்ந்தபோது சாமான் ஏற்றிப் போனதும் அதில்தானாம். புத்தகத்தைப் பொலித்தீனில் சுற்றி பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருந்தார். எஞ்சின், செஸி, இரண்டு நம்பரும் அச்சொட்டாகப் பொருந்தின.

விலை பேசினோம். "ரயருக்குக் குறைச்சுத் தாறன் தம்பி, புத்தகத்துக்குக் குறைக்க மாட்டன்" என்றார் அம்மா. அதற்கு மேல் நாங்கள் வாய் திறக்கவில்லை.

ஐதரோலிக்கும் கிளச்சும் செய்ததில் 35இன் விலையை நன்றாகவே தாண்டிவிட்டோம். மச்சான் இன்னமும் அந்தப் புதுப் பெயின்றைப் பற்றிப் பேசுவான். பரந்தனில் அது அதே மாமரத்தடியில்தான் நிற்கிறது. இரண்டு தரம் விலை இறக்கியாயிற்று.