சரபுன், கனிட், பிராம்ப்ட், நோட்டோ: தாய்லாந்து எழுத்துருக்களோடு பல வருடம்

பேங்காக்கில் பக்க வடிவமைப்பு வேலை எனக்கு. மெனு, லேபிள், கையேடு என்று கைக்கு வருவதில் பெரும்பகுதி தாய்லாந்து எழுத்துதான். இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களை வைத்தே வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். எது அழகு என்ற பேச்சை விடுங்கள். சின்ன அளவில் எது படிக்க வருகிறது, எது காலை வாருகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த எழுத்து பழக்கமில்லாதவர்களுக்கு: 44 மெய்யெழுத்துகள், சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. பெரும்பாலான எழுத்துகள் ஒரு சின்னச் சுழியில் தொடங்கும். அதை வைப்பதா எடுப்பதா என்பதில்தான் இங்கே தீராத சண்டை. 1970களில் மானோப் ஸ்ரீசோம்போர்ன் என்ற வடிவமைப்பாளர், ஹெல்வெட்டிகா என்ற ஆங்கில எழுத்துருவின் சாயலில் மானோப்டிகா என்ற தாய்லாந்து எழுத்துருவைச் செய்தார். சுழியில்லாத எழுத்து விளம்பரங்களில் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சுழி வெறும் அலங்காரமா? கோ-கை, தோ-துங், போ-சம்பாவ் என்ற மூன்று எழுத்துகளைப் பாருங்கள். மூன்றுக்கும் ஒரே வளைவு, இடதுபக்கம் ஒரே மூக்கு. முதலாவதில் சுழி இல்லை, இரண்டாவதில் இடது காலடியில் சுழி உள்பக்கம் திரும்பியிருக்கும், மூன்றாவதில் வெளிப்பக்கம். வித்தியாசம் அவ்வளவுதான். சுழியை எடுத்தால் வடிவமைப்பாளர் அந்த இடத்தில் ஒரு குட்டிப் பாதத்தை நீட்டி விடுவார். 30 பாயின்டில் பளிச்சென்று தெரியும். 7 பாயின்டில், மலிவான ஸ்டிக்கர் தாளில் மை கொஞ்சம் பரவியதும், மூன்றும் ஒன்றுதான்.

கனிட், பிராம்ப்ட் இரண்டும் கேட்சன் டெமாக் என்ற பேங்காக் நிறுவனத்தின் வேலை, இரண்டும் சுழியில்லாதவை. தலைப்புக்கு எனக்குப் பிராம்ப்ட் பிடிக்கும். அகலமாக, நிதானமாக நிற்கும். கனிட் கடைப்பலகைக்குச் சரி, பத்திக்கு வேண்டாம். சுழியில்லாதவற்றில் இன்னொரு தொல்லை, ரோ-ருயா என்ற எழுத்து ஆங்கில எஸ் மாதிரியும் போ-பான் டபிள்யூ மாதிரியும் ஆகிவிடுவது. மெனுவில் ஆங்கில பிராண்ட் பெயர்கள் கலந்து வரும்போது, வாசிப்பவர் ஒரு நொடி தயங்கித்தான் போவார்.

சரபுன் பற்றி நிறையச் சொல்லலாம். 2010இல் தாய்லாந்து அமைச்சரவை 13 எழுத்துருக்களை அரசு அலுவலகங்களுக்கு ஏற்றது. அவற்றில் இதுதான் அரசுக் கடிதங்களின் முகமாகிவிட்டது. வடிவமைத்தவர் சுபகிட் சலேம்லாப். சுழி தெளிவு, வரி மெலிது, படிக்கச் சுகம். ஆனால் இதன் ஒரு பதிப்பான டிஎச் சரபுன் நியூவில் 16 பாயின்ட் வைத்தால், ஆங்கில எழுத்துருவின் 16ஐ விட நன்றாகவே சின்னதாகத் தெரியும். எழுத்துக்கு மேலே உயிர்க்குறியும் தொனிக்குறியும் ஏற இடம் விட்டதன் விலை அது. கூகுள் ஃபான்ட்ஸில் உள்ள சரபுன் அதே குடும்பம்தான் என்றாலும், அதே எண்ணில் பெரிதாக வரும். பழைய கோப்பில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் பக்கம் மொத்தமும் தள்ளிப்போகும். மெலிதிலிருந்து தடிப்பு வரை கனம் எட்டு வகை இருப்பதால் வேலைக்குக் கூகுள் பதிப்பே வசதி.

எந்த எழுத்துருவையும் ஒரே சொல்லை வைத்துத்தான் சோதிக்கிறேன்: ‘வாங்கு’ என்பதற்கான தாய்லாந்துச் சொல். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று கடைக்குக் கடை தொங்குவதால் தப்பிக்கவும் முடியாது. முதல் எழுத்தின் தலையில் ஒரு வெட்டு இருக்கும், அது மறைந்தால் வேறு எழுத்து. அதன் மேல் வளைவு, வளைவின் மேல் இரண்டு குச்சி. ஒரு குச்சி அடைந்துபோனால் உயிரெழுத்தே மாறிவிடும். அதற்கும் மேலே, குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் தொனிக்குறி. 8 பாயின்டில் அச்சடித்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். கூகுளின் சுழியுள்ள எழுத்துருவான நோட்டோ சான்ஸ் தாய் லூப்டு இதில் தேறியது. ஐபிஎம் பிளெக்ஸும் தேறியது. அதில் சுழியுள்ளதும் இல்லாததும் ஒரே குடும்பமாகக் கிடைப்பதால் தலைப்பும் பத்தியும் ஒட்டாமல் நிற்காது.

பல வருடப் பழக்கத்தில் எனக்குப் பட்டது, சுழிச் சண்டையை விட வரி இடைவெளிதான் முக்கியம். மேல்வரியில் கீழே தொங்கும் உகரக் குறி, கீழ்வரியின் தொனிக்குறியில் முட்டினால் சரபுன் போட்டும் பயனில்லை. ஆங்கிலத்துக்கு அமைத்த, எழுத்தளவின் 1.2 மடங்கு வரி இடைவெளியை அப்படியே விட்டால் திரையில் வரும் பொத்தான்களில் தொனிக்குறியின் தலை வெட்டுப்படும். நான் 1.6க்குக் கீழே இறங்குவதில்லை.

அப்புறம் மென்பொருள். போ-பிளா, ஃபோ-ஃபான் போன்ற எழுத்துகளின் வலது கோடு உயரமாக நிற்கும். மேலே வரும் குறி இடப்பக்கம் ஒதுங்கியாக வேண்டும். எழுத்துருவில் அதற்கான ஏற்பாடு இருந்தாலும், பக்க வடிவமைப்பு மென்பொருளில் தெற்காசிய, தென்கிழக்காசிய மொழிகளுக்கான வரி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் குறி கோட்டில் போய் மோதும். புது எழுத்துரு மோசம் என்று யாராவது குறைப்பட்டால் முதலில் அந்த அமைப்பைத்தான் திறந்து பார்க்கிறேன்.