சோயா மெழுகு 2 வருடம்: எல்லாம் நல்லது, மேல்பரப்பைத் தவிர

சோயா மெழுகு விலை இறங்கியிருக்கிறதே, மெழுகுவர்த்தி செய்யப் பாரஃபினை (பெட்ரோலிய மெழுகை) விட்டுவிட்டு சோயாவுக்கு மாறலாமா என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில் இது. ஜாரில் ஊற்றுவதற்கென்று சீவல் சீவலாக விற்கும் ஃபிளேக்ஸ் வகையைப் பற்றித்தான் சொல்கிறேன். உருகுநிலை 50 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே. நின்று நிதானமாக எரிகிறது. திரியை 5 மில்லிமீட்டருக்கு நறுக்கி வைத்தால் கரி அதிகம் படியாது. பாத்திரம் வெந்நீரும் சோப்பும் பட்டாலே சுத்தமாகிவிடும். பொறுமையைச் சோதிப்பது மேல்பரப்பு ஒன்றுதான்.

பள்ளம் விழுந்தால் ஊற்றும் சூட்டை மாற்றிப் பார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சூடு முக்கியம்தான். ஆனால் ஊற்றிய பிறகு வரும் 3 மணி நேரம் அதைவிட முக்கியம். சென்னை வீட்டுச் சமையலறையில் இதற்கு இரண்டு எதிரிகள்: ஃபேனும் கிரானைட் மேடையும். ஃபேன் காற்றில் மேலே சீக்கிரம் ஏடு கட்டிவிடும், கிரானைட் அடியிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொண்ட மெழுகு கடைசியாக இறுகிச் சுருங்கும்போது திரியை ஒட்டிப் பள்ளமோ, வெளியே தெரியாத பொந்தோ விழும்.

மறுநாள் திரிக்குப் பக்கத்தில் பல்குத்தும் குச்சியால் அழுத்திப் பாருங்கள். ஏடு மொறுக்கென்று உடைந்து குச்சி தடையில்லாமல் இறங்கினால் உள்ளே பொந்து. பொந்தின் வாயை நன்றாக அகலப்படுத்திவிட்டு, ஹீட் கன்னை (சூடான காற்று வீசும் கருவி) குறைந்த சூட்டில் ஒரு சாண் உயரத்தில் சுற்றிச் சுற்றிக் காட்டி மேல் அரை சென்டிமீட்டரை உருக்குங்கள். அது தானே உள்ளே வழிந்து நிரப்பும். ஹேர் டிரையர் வேண்டாம், மெழுகைக் கண்ணாடி ஓரமெல்லாம் தெறிக்கவிடும். பொந்தைத் திறக்காமல் மேலே மட்டும் உருக்கி மூடினால் பார்க்க அழகாக இருக்கும், எரியும்போது சுடர் அங்கே வந்து திணறும்.

பள்ளமே வராமலிருக்க, 500 கிராம் மெழுகை டபுள் பாய்லரில் (கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில்) 80 முதல் 85 டிகிரிக்கு ஏற்றி, 30 முதல் 40 கிராம் வாசனை எண்ணெய் விட்டு, 2 நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் காற்றுக்குமிழி நிற்கும். ஆவித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே விழக்கூடாது. 55 டிகிரி வாக்கில் ஊற்றி, ஜார்களை நாலு மடிப்புச் செய்தித்தாள் மேல் இடைவெளி விட்டு வைத்து, அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். ஓரத்திலிருந்து வெண்மை ஏறி, கடைசியில் திரியைச் சுற்றிக் காசளவு பளபளப்பு மட்டும் நிற்கும். அது மறையும்வரை ஜாரை அசைக்காதீர்கள்.

கண்ணாடியை விட்டு மெழுகு பிரிந்து ஈரத்திட்டு மாதிரித் தெரிவது வெறும் தோற்றக் குறை. ஜாரைத் துடைத்து இளஞ்சூடாக்கி ஊற்றினால் குறையும், முழுதாகப் போகாது.

ஃப்ராஸ்டிங், அதாவது மெழுகில் வெள்ளை பூப்பது, வேறு ரகம். சோயா மெழுகு என்பது ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய், அதாவது கொழுப்பு. நெய் மணல் மணலாக உறைவதுபோல் இதுவும் படிகமாகத் திரளும், நாள்பட நாள்பட அந்தப் படிகம் மாறிக்கொண்டும் இருக்கும். பழைய சாக்லேட்டில் வெள்ளை பூப்பதும் இதே காரணத்தால்தான். நிறம் போடாத மெழுகில் இது கண்ணுக்கே தெரியாது. கருநீலத்தில் திருநீறு பூசியதுபோல் அப்பட்டமாகத் தெரியும். ஹீட் கன் காட்டினால் போகும், சில நாளில் திரும்பி வரும். ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடச் சொல்வார்கள். மேல்பரப்பு வழவழப்பாகும் என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே மெத்தென்ற மெழுகு இன்னும் இளகி, மே மாத வெயிலில் மேலே எண்ணெய் வியர்க்கும். அதற்குப் பதில் கிலோவுக்கு 50 கிராம் தேன்மெழுகு சேர்ப்பது நம் ஊருக்குத் தோது. கெட்டியாகும் என்பதால் திரியை ஒரு அளவு பெரிதாக்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்து கண்ணாடிபோல் வந்த மேல்பரப்பு, முதல் தடவை ஏற்றி அணைத்ததும் காலிஃபிளவர் மாதிரி முண்டும் முடிச்சுமாக இறுகிவிடுகிறது. பெட்டி கவிழ்த்த பலனெல்லாம் அதுவரைதான். கடைசிவரை எனக்கு ஆறாத குறை இதுதான்.

வீட்டு உபயோகத்துக்கு, நிறமில்லாமல், பீங்கான் கிண்ணத்தில் என்றால் தாராளமாக மாறுங்கள். கண்ணாடி ஜாரில் அடர் நிறம் ஊற்றி விற்பதாக இருந்தால் பாரஃபினையே தொடருங்கள். எரிவதில் சோயாவுக்கு இணை இல்லை என்று நினைக்கும் நானே, விலை இறங்கினாலும் கோடை முடியும்வரை அடுத்த மூட்டை வாங்குவதாக இல்லை.